ஆன் ஆர்பரில் வார இறுதி: இசை, கலை, அறப்பணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது ஆன் ஆர்பர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 1,23,851 பேர். டெட்ராய்ட்டில் 1817இல் நிறுவப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837இல் இந்த ஊருக்கு இடம் மாறியது. அன்று முதல் ஊரும் பல்கலைக்கழகமும் ஒன்றாகவே வளர்ந்துள்ளன. மேற்படிப்புக்கு வரும் மாணவர்கள், வேலை நிமித்தம் குடியேறிய குடும்பங்கள், கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன.

இவ்வளவு சிறிய ஊரில் ஒவ்வொரு சனி, ஞாயிறும் இத்தனை நிகழ்ச்சிகள் நடப்பது எப்படி?

பல்கலைக்கழகத்தின் பணபலமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 1879இல் ஊர்க்காரர்களும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் ஹேண்டல் இயற்றிய ‘மெசையா’ என்ற இசைப்படைப்பின் கூட்டுப்பாடல்களைப் பயில ஒன்று சேர்ந்தார்கள். அந்தப் பாடகர் குழுவிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகின் தலைசிறந்த இசைக்குழுக்களை இங்கே அழைத்துவரும் ‘யுஎம்எஸ்’ எனப்படும் பல்கலைக்கழக இசைச் சங்கம். அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கத்தையும் அது பெற்றிருக்கிறது. தொடங்கியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பாடக் கூடியவர்கள் போட்ட அடித்தளம் அது.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. இவ்வூரின் கலை நிறுவனங்களில் பெரும்பாலானவை லாப நோக்கற்ற அமைப்புகள். நுழைவுச் சீட்டு விற்பனை அவற்றின் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது. மீதியை உறுப்பினர் சந்தாவும், நன்கொடையும், கூலி வாங்காமல் உழைக்கும் தன்னார்வலர்களும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஆகவே கச்சேரி வேறு, அறப்பணி வேறு என்று இந்த ஊரில் பிரித்துப் பார்ப்பது கடினம். கீழே வரும் பதில்களில் இரண்டும் கலந்தே வருவதற்கு அதுவே காரணம்.

ஹில் அரங்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

1913இல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தை வடிவமைத்தவர் டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான். ஏறத்தாழ 3,500 பேர் அமரலாம். மேடையிலிருந்து பரவளைய வடிவில் விரிந்து மேலேறும் சுவர்களும் கூரையும் ஒலியைச் சிதறவிடாமல் அவையை நோக்கி அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் மாடத்தின் கடைசி வரிசையில், அதாவது மிகக் குறைந்த விலை இருக்கையில் அமர்ந்தாலும், மேடையில் வில் நரம்பைத் தொடும் அந்த முதல் உரசல்கூடத் தெளிவாகக் கேட்கிறது. எனவே இந்த அரங்கத்தில் விலை உயர்ந்த இருக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, கலைஞரின் முகத்தை அருகில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே தேவை என்பது என் துணிபு. கேட்பதற்காகப் போகிறவர்கள் தயங்காமல் மாடிக்குப் போகலாம்.

முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் நடக்கும் ‘மெசையா’ நிகழ்ச்சியை. மேலே சொன்ன அதே பாடகர் குழுவின் இன்றைய தலைமுறையினர், தேர்வு வைத்து எடுக்கப்பட்ட மாணவர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து பாடுகிறார்கள். மேற்கத்திய இசை பழக்கமில்லாதவர்கள்கூட, ‘அல்லேலூயா’ பகுதி வரும்போது அவையே எழுந்து நிற்பதைப் பார்த்தால், நம் ஊரில் திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்கக் கூடும் கூட்டத்தின் மனநிலையை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அரங்கச் சீட்டு வாங்கும் வசதி இல்லாத மாணவர் என்ன செய்யலாம்?

முதலில், மாணவர்களுக்கான சலுகை விலையை விசாரியுங்கள். யுஎம்எஸ் நிகழ்ச்சிகளுக்கு அது உண்டு. அரங்கத்தில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் தன்னார்வப் பணியில் சேர்ந்தால் நிகழ்ச்சியையும் இலவசமாகக் காணலாம். ஆனால் உண்மையான புதையல் வேறு இடத்தில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் இசை, நாடக, நடனப் பள்ளி வடக்கு வளாகத்தில் உள்ளது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக ஒவ்வொரு இசை மாணவரும் மேடையேற வேண்டும் என்பதால், கல்விப் பருவம் நடக்கும் மாதங்களில், குறிப்பாக மார்ச், ஏப்ரல் வார இறுதிகளில், ஒரே நாளில் பல தனிக் கச்சேரிகள் நடக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. அவையில் பெற்றோரும் ஆசிரியரும் சில நண்பர்களும் மட்டுமே இருப்பார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வந்து உட்கார்ந்து கவனித்துக் கேட்பது அந்த மாணவருக்கு எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளாகங்களுக்கு இடையே ஓடும் பல்கலைக்கழகப் பேருந்துக்கும் கட்டணம் கிடையாது.

அதே வளாகத்தில்தான் ஸ்டெர்ன்ஸ் இசைக்கருவித் தொகுப்பும் இருக்கிறது. டெட்ராய்ட்டில் மருந்துத் தொழில் நடத்திய ஃபிரெடரிக் ஸ்டெர்ன்ஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாம் சேர்த்துவைத்த உலக இசைக்கருவிகளைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். இன்று அத்தொகுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் உள்ளன. பல்கலைக்கழகத்திடம் ஜாவா தீவின் கேமலான் வெண்கலக் கருவிகளின் முழுத் தொகுதியும் இருக்கிறது. 1960களில் வாங்கப்பட்ட அதைக் காட்சிப் பொருளாக வைக்காமல் மாணவர்கள் பயின்று வாசிக்கிறார்கள். அந்தக் கச்சேரி அறிவிக்கப்பட்டால் தவறவிடாதீர்கள்.

ஓவியமும் சிற்பமும் பார்க்க விரும்புவோருக்கு ஸ்டேட் தெருவில் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகமும், அதற்கு அருகிலேயே பண்டைய எகிப்து, ரோமாபுரி அகழாய்வுப் பொருட்கள் நிறைந்த கெல்சி தொல்லியல் அருங்காட்சியகமும் உள்ளன. இரண்டுக்கும் அனுமதி இலவசம். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். வார இறுதியில் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கெல்சி பிற்பகலில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

கெர்ரிடவுன் என்ற பகுதிக்கு. 1919 முதல் இயங்கிவரும் ஊர் உழவர் சந்தை அங்கே சனிக்கிழமை தோறும், பனிக்காலத்திலும் நடக்கிறது. கோடையில் சந்தை நிறைந்து வழியும்போது தெருவோரத்தில் ஃபிடில், பாஞ்சோ வாசிப்பவர்களும் நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே திறந்திருக்கும் கருவிப் பெட்டியில் காசு போடக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

சந்தையை ஒட்டிய கடைவளாகத்தில் ஒரு மணிக்கூட்டம், அதாவது வெவ்வேறு சுரங்களில் ஒலிக்கும் மணிகளின் தொகுதி, இருக்கிறது. சனிக்கிழமை முற்பகலில் குறிப்பிட்ட நேரத்தில் யார் வேண்டுமானாலும் அதை வாசிக்கலாம். நீண்ட மரப்பிடிகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பாடல் அட்டைகளில் இசைக்குறிப்புக்குப் பதிலாக அந்த எண்களே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்து உள்ளங்கையால் பிடியை அழுத்தினால் தலைக்கு மேலே மணி ஒலிக்கும். இசை தெரியாத எட்டு வயதுக் குழந்தைகூட ஒரு பாடலை ஊருக்கே கேட்கும்படி வாசித்துவிடும்; சந்தையில் காய் வாங்குவோர் நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்த ஊரில் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இசை அறிமுகம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘தி ஆர்க்’ என்பது என்ன? மதுக்கூடம் போன்ற இடமா?

இல்லை. குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். 1965இல் நான்கு தேவாலயங்கள் சேர்ந்து இளைஞர்கள் கூடிப் பாடவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கிய காபிக்கடை அது. பின்னர் நாட்டார் இசைக்கும் அதில் வேர்கொண்ட பிற இசைக்கும் நாடறிந்த மேடையாக வளர்ந்தது. இப்போது மெயின் தெருவில் ஏறத்தாழ 400 இருக்கைகளோடு இயங்குகிறது. ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் நிகழ்ச்சி உண்டு. பாடகருக்கும் கடைசி இருக்கைக்கும் இடையே அதிக தூரம் இல்லாததால், இரண்டு பாட்டுக்கு இடையில் அவர் சொல்லும் கதையும் கச்சேரியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

தேவாலயங்களின் நிதியுதவி குறைந்து இடமே மூடப்படும் நிலை வந்தபோது, அதைக் காப்பாற்ற 1970களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டதுதான் ஆன் ஆர்பர் நாட்டார் இசை விழா. ஜனவரி கடைசி வார இறுதியில், கடும் பனியில், ஹில் அரங்கத்தில் இரண்டு மாலைகள் நடக்கும் அந்த விழாவின் வருமானம் இன்றுவரை ஆர்க்கின் ஆண்டுச் செலவுக்கே போகிறது. ஆக அந்தச் சீட்டை வாங்குவது நேரடியாக அடுத்த ஆண்டின் கச்சேரிகளுக்குக் கொடுப்பதாகும். வாசலில் சீட்டுச் சரிபார்ப்பதிலிருந்து அரங்கை ஒழுங்குபடுத்துவது வரை அன்றாட வேலைகளைச் செய்பவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே.

மாணவர்களின் முயற்சியை இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. 1969 ஆகஸ்டில் இப்பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு திறந்தவெளியில் நடத்திய புளூஸ் விழாவில் பி.பி. கிங், மடி வாட்டர்ஸ், ஹவுலின் உல்ஃப், சன் ஹவுஸ் ஆகியோர் பாடினார்கள். கறுப்பின மக்களின் அந்த இசைக்கென அமெரிக்காவில் பெரிய அளவில் நடத்தப்பட்ட முதல் விழாக்களில் அது ஒன்று.

ஜூலை மாதக் கலைச் சந்தைக்குப் போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

1960இல் சவுத் யுனிவர்சிட்டி சாலையில் சிறிய அளவில் தொடங்கிய தெருவோரக் கலைச் சந்தை, பின்னர் அதனருகே தோன்றிய பிற சந்தைகளோடு சேர்ந்து இன்று நகர மையம் முழுவதையும் நிறைக்கிறது. ஜூலை மூன்றாவது வாரத்தையொட்டி, அண்மை ஆண்டுகளில் வியாழன் முதல் சனி வரை, தெருக்களில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஏறத்தாழ ஆயிரம் கலைஞர்கள் கூடாரம் அமைக்கிறார்கள். நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இடம். தாம் செய்த பொருளைக் கலைஞர் தாமே கூடாரத்தில் இருந்து விற்க வேண்டும் என்பது விதி. அதனால் மண்பாண்டம் வாங்கும்போது, அது எந்தச் சூளையில், எந்த மெருகால் அந்த நிறத்தைப் பெற்றது என்று செய்தவரிடமே கேட்கலாம். கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். விலையைக் குறைத்துக் கேட்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது.

வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் போகலாம். சந்தையின் ஒரு பகுதியில் அறக்கட்டளைகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், பொதுநலக் குழுக்கள் ஆகியவற்றுக்கென வரிசையாகக் கூடாரங்கள் உண்டு. ஊரில் என்னென்ன பொதுப்பணிகள் நடக்கின்றன என்பதை ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை. காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் வாருங்கள். நண்பகல் வெயிலையும் திடீர் இடிமழையையும் இரண்டையும் எதிர்பாருங்கள்.

மிச்சிகன் தியேட்டர் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா?

இல்லை. 1928இல் மௌனப் படக் காலத்தின் கடைசியில் கட்டப்பட்ட அந்த அரங்கம், 1979இல் இடித்து மாற்றப்படும் நிலைக்கு வந்தபோது, அதிலிருந்த பழைய குழாய் ஆர்கனைப் பராமரித்து வந்த ஆர்வலர்களும் ஊர்மக்களும் முன்னின்று மீட்டார்கள். இன்று லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. சில காட்சிகளுக்கு முன் அதே ஆர்கனை வாசிக்கக் கேட்கலாம். 1963இல் தொடங்கிய ஆன் ஆர்பர் திரைப்பட விழா மார்ச்சில் இங்கே நடக்கும். பரிசோதனைப் படங்களுக்கான விழா என்பதால் கதைப்படம் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

வார இறுதியில் நேரடியாக அறப்பணியில் பங்கெடுக்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

உணவில் தொடங்குங்கள். 1988இல், டெட்ராய்ட் தெருவில் உள்ள சிங்கர்மேன்ஸ் என்ற உணவகத்தினர், கடைகளிலும் விருந்துகளிலும் மிஞ்சி வீணாகும் நல்ல உணவைச் சேகரித்துப் பசித்தவர்களிடம் சேர்ப்பதற்காக ‘ஃபுட் கேதரர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது வாஷ்டெனா மாவட்டம் முழுவதற்குமான உணவு வங்கி. அங்கே செய்யும் வேலை கவர்ச்சியானது அல்ல. வந்திறங்கும் காய்கறிப் பெட்டிகளைப் பிரித்து, அழுகியதை ஒதுக்கி, நல்லதை எடைபோட்டுக் கட்ட வேண்டும். ஹியூரான் தெருவில் உள்ள டெலோனிஸ் மையம் என்ற வீடற்றோர் காப்பகத்தின் சமையலறையிலும் அவ்வமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டு உணவு சமைத்துப் பரிமாறுகிறது. குழுவாகப் போவதென்றால் முன்பதிவு செய்ய வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் எல்லோரும் வர விரும்புவதால் இடம் கிடைப்பது அரிது. ஆள் தேவைப்படுவது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும்தான். நம் குடும்பங்கள் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்துப் போனால் அது உண்மையான உதவியாக இருக்கும்.

மாணவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளும் உண்டு. குழந்தைகளின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக 1990களின் இறுதியில் தொடங்கப்பட்ட நடன மாரத்தானில், மாணவர்கள் பல மணி நேரம் உட்காராமல் நின்று ஆடுவார்கள். சிகிச்சை பெறும் குழந்தைகளும் அவர்களின் குடும்பங்களும் அங்கே வந்து மேடையில் பேசுவது வழக்கம்.

நிதி திரட்டும் விருந்துக்கோ கச்சேரிக்கோ கொடுக்கும் பணம் முழுவதற்கும் வரிச்சலுகை உண்டா?

முழுவதற்கும் இல்லை. சீட்டின் விலையிலிருந்து நீங்கள் பெறும் உணவு அல்லது நிகழ்ச்சியின் மதிப்பைக் கழித்தால் மிஞ்சும் தொகையே நன்கொடையாகக் கருதப்படும். 100 டாலர் விருந்தில் உணவின் மதிப்பு 40 டாலர் என்றால் நன்கொடை 60 டாலர். 75 டாலருக்கு மேல் இப்படி வாங்கும்போது அந்தக் கணக்கை எழுத்தில் தெரிவிப்பது அமைப்பின் கடமை. 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் எழுத்துபூர்வமான ரசீதைக் கேட்டு வாங்கிவையுங்கள். முன்பின் தெரியாத அமைப்பாக இருந்தால், அது வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் ‘990’ படிவத்தைப் பார்க்கலாம். அது பொது ஆவணம். திரட்டிய பணத்தில் எவ்வளவு பணிக்குப் போனது, எவ்வளவு நிர்வாகத்துக்குப் போனது என்பது அதில் இருக்கும்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் தன்னார்வப் பணி செய்யலாமா?

லாப நோக்கற்ற அமைப்பில், வழக்கமாகத் தன்னார்வலர்கள் செய்யும் வேலையை, எந்த ஊதியமும் பெறாமல் செய்வதற்குப் பொதுவாகத் தடையில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வது வேறு. அது சிக்கலை உண்டாக்கும். ஐயம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நம் இசையும் நடனமும் இங்கே கிடைக்குமா?

இந்திய அமெரிக்க மாணவர் சங்கம் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஹில் அரங்கத்தில் நடத்தும் கலைநிகழ்ச்சி, இவ்வகையில் வட அமெரிக்காவில் மாணவர்களே நடத்தும் மிகப் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. மேடையில் ஆடுபவர்கள், உடை தைத்து வாங்குபவர்கள், ஒளியமைப்பவர்கள் எல்லோரும் மாணவர்களே. பரதநாட்டியத்துக்கும் அதில் இடம் உண்டு. கர்நாடக இசையில் ஆழமான நாட்டம் உள்ளவர்கள், 1978 முதல் கிளீவ்லாந்தில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் போகிறார்கள். காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மற்ற நிகழ்ச்சிகளுக்குப் போக முடியுமா?

முடியும், ஆனால் திட்டமிட வேண்டும். மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம். ஊரின் மக்கள்தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை உள்ளூர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் தெற்குப் பகுதிச் சாலைகள் நகராது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் நேரத்திலோ நகர மையமும் அருங்காட்சியகங்களும் வியக்கத்தக்க அமைதியோடு இருக்கும். கலை பார்க்க ஏற்ற நேரம் அதுதான். மைதானத்துக்கு எதிரே உள்ள பயனியர் உயர்நிலைப் பள்ளி, வளாகத்தில் கார் நிறுத்த வசூலிக்கும் கட்டணம் அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது.

கோடையில் ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோருக்கு ஏற்ற நிகழ்ச்சி எது?

ஜூன் மாதத்தில் ‘டாப் ஆஃப் தி பார்க்’. 1984இல் தொடங்கிய கோடை விழாவின் இலவசப் பகுதி இது. ஆரம்பத்தில் கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்ததால் இந்தப் பெயர். இப்போது ஹில் அரங்கத்துக்கு அருகில், மணிக்கோபுரத்துக்கும் ராக்கம் கட்டடத்துக்கும் இடையே உள்ள புல்வெளியில் சமதளத்திலேயே நடக்கிறது. மாலையில் இசை, சில இரவுகளில் திறந்தவெளித் திரைப்படம். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும் என்பதால் படம் பத்து மணி வாக்கில்தான் தொடங்கும். பெற்றோரை ஏழு மணிக்கு அழைத்துவந்து, பாட்டைக் கேட்கவைத்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது அவர்களுக்கு வசதியாக இருக்கும். மடக்கு நாற்காலியும், இரவில் குளிர்ந்துவிடுவதால் ஒரு சால்வையும் எடுத்துவாருங்கள். நுழைவு இலவசம் என்றாலும் நன்கொடை வாங்கும் தன்னார்வலர்கள் கூட்டத்தில் சுற்றிவருவார்கள். குடும்பத்துக்குச் சில டாலர்கள் கையில் தனியாக வைத்திருங்கள்.